மருத்துவ மாணவர் பரிசோதிக்கலாமா என்று கேட்டால் நோயாளிகள் என்ன சொல்கிறார்கள்?

கேள்வி இரண்டு திசைகளிலிருந்து வந்திருக்கிறது. மருத்துவக் கல்லூரியோடு இணைந்த மருத்துவமனையின் மகளிர் நோய்ப் பிரிவுக்குப் போகவிருக்கும் ஒருவர், "உள்பரிசோதனை செய்யும்போது மாணவர்களும் இருப்பார்கள் என்கிறார்களே, அவர்களும் பரிசோதிப்பார்களா? வேண்டாம் என்று சொன்னால் எனக்குக் கிடைக்கும் சிகிச்சையில் ஏதாவது குறை வருமா?" என்று கேட்கிறார். மருத்துவம் படிக்கும் இன்னொருவர், "ஒவ்வொரு நோயாளியிடமும் முறையாக அனுமதி கேட்கத் தொடங்கினால் பெரும்பாலானோர் மறுத்துவிடுவார்கள் என்று வார்டில் சொல்கிறார்கள். அப்படியானால் நாங்கள் எப்போதுதான் கற்றுக்கொள்வது?" என்று கேட்கிறார். இந்தப் பாடத்தை மாணவர்களுக்கு நெடுங்காலமாகக் கற்பித்துவரும் அனுபவத்தைக் கொண்டு இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன். நோயாளியின் அச்சமும் மாணவரின் அச்சமும் ஒரே இடத்தில் பிறப்பவை. கேட்க வேண்டியவர்கள் கேட்காமல் விடுவதில் பிறப்பவை.

நோயாளிக்கு என் பதில்: தாராளமாக மறுக்கலாம். காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. மறுத்ததற்காக உங்கள் முறை தள்ளிப்போகவோ, மருத்துவரின் முகம் மாறவோ கூடாது. மாணவருக்கு என் பதில்: நீங்கள் கேள்விப்பட்டது தவறு. முறையாகக் கேட்கப்பட்டவர்களில் பெரும்பாலானோர் சம்மதிக்கிறார்கள்.

கனடாவின் கால்கரி நகரில் மகளிர் நோய் அறுவை சிகிச்சைக்கு வந்த நூற்றுச் சொச்சம் பெண்களிடம் கருத்துக் கேட்டு 2010-இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு இதற்கு நல்ல சான்று. மயக்கத்தில் இருக்கும்போது மருத்துவ மாணவர் ஒருவர் தமக்கு உள்பரிசோதனை செய்யக்கூடும் என்பதை அறிந்திருந்தவர்கள் அவர்களில் 19 சதவீதத்தினர் மட்டுமே. அப்படிச் செய்வதாக இருந்தால் தம்மிடம் முன்கூட்டியே கேட்பார்கள் என்று எதிர்பார்த்தவர்கள் 72 சதவீதத்தினர். கேட்டால் சம்மதிப்போம் என்றவர்கள் 62 சதவீதத்தினர். மாணவி என்றால் மட்டும் சம்மதிப்போம் என்றவர்கள் 5 சதவீதத்தினர். மறுப்போம் என்று உறுதியாகச் சொன்னவர்கள் 14 சதவீதத்தினர். ஒரு நகரத்தில் சிலரிடம் கேட்டறிந்த எண்களை எல்லா நாட்டுக்கும் பொருத்திப் பார்க்கக் கூடாது என்பது உண்மைதான். ஆனால் இந்த எண்களின் ஒழுங்கைக் கவனியுங்கள். அறிந்தவர்கள் மிகச் சிலர், கேட்பார்கள் என்று நம்பியவர்கள் மிகப் பலர், மறுப்பவர்கள் சிறுபான்மையினர். கேட்டால் கிடைத்திருக்கக்கூடிய சம்மதத்தைக் கேட்காமலே எடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் இதன் பொருள். அந்தப் பதினான்கு சதவீதத்தினரைப் பொறுத்தவரை நடந்திருப்பது இதைவிடக் கொடியது. 'வேண்டாம்' என்று சொல்லியிருக்கக்கூடிய ஒருவரின் உடலில் அவருக்குத் தெரியாமல் கை வைக்கப்பட்டிருக்கிறது.

மாணவர்கள் இதைக் கற்றே தீர வேண்டுமா என்றால், கற்றே தீர வேண்டும். அந்தரங்கப் பரிசோதனை என்று இங்கே நான் குறிப்பிடுபவை பெண்களின் உள்பரிசோதனை, மார்பகப் பரிசோதனை, ஆண்களின் விதைப்பைப் பரிசோதனை, ஆசனவாய் வழியாக மலக்குடலையும் புராஸ்டேட் சுரப்பியையும் தொட்டுப் பார்ப்பது ஆகியவை. இவற்றைப் படம் பார்த்துக் கற்க முடியாது. உள்பரிசோதனையை எடுத்துக்கொள்வோம். ஒரு கையின் இரண்டு விரல்கள் உள்ளே இருக்க, மறு கை அடிவயிற்றின் மேலிருந்து மெல்ல அழுத்த, இரண்டு கைகளுக்கும் நடுவில் கருப்பை அகப்படுகிறது. அதன் அளவு, சாய்வு, அசைவு, இரு பக்கமும் சினைப்பைகளில் கட்டி ஏதும் இருக்கிறதா என்பன எல்லாம் விரல் நுனிக்குத்தான் தெரியும். கருவுறாத நிலையில் கருப்பை வாய் மூக்கின் நுனிபோல் கெட்டியாக இருக்கும் என்று பாடத்தில் சொல்லித்தருகிறோம். ஆனால் அந்தக் கெட்டித்தன்மை எந்த அளவில் இயல்பு, எந்த அளவில் நோய் என்பதைப் பல பேரைப் பரிசோதித்த கைதான் பிரித்தறியும். கருப்பை வாயைச் சற்றே அசைக்கும்போது நோயாளி வலியால் துடித்தால், அது இடுப்புக்குழித் தொற்றாக இருக்கலாம், கருக்குழாயில் தங்கிய கர்ப்பமாகவும் இருக்கலாம். இரண்டாவதைத் தவறவிட்டால் உள்ளே இரத்தம் கசிந்து உயிரே போகலாம். ஆகவே, இதைக் கற்காத மருத்துவரிடம் நாளை ஒரு நோயாளி போய் நிற்கும் நிலைமையையும் நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை.

இனி, யார் சம்மதிக்கிறார்கள், யார் மறுக்கிறார்கள், ஏன் என்பதற்கு வருகிறேன். சம்மதிப்பவர்கள் சொல்லும் காரணங்களில் முதலிடம் பெறுவது, 'நாளைக்கு இவர்கள் நல்ல டாக்டராக வர வேண்டும்' என்ற எண்ணம். தாம் பெற்ற சிகிச்சைக்கு நன்றியாகச் சம்மதிப்பவர்கள் உண்டு. மாணவர் இருந்தால் மூத்த மருத்துவர் ஒவ்வொன்றையும் விளக்கிச் சொல்வார், அதனால் தம் நோயைப் பற்றித் தமக்கும் கூடுதலாகத் தெரியவரும் என்று கருதுபவர்களும் உண்டு. அந்தக் கணிப்பில் உண்மை இருக்கிறது. முன்பே மாணவர்களோடு பழகி, அந்த அனுபவம் நன்றாக அமைந்தவர்கள் மறுமுறை எளிதாகச் சம்மதிக்கிறார்கள். குழந்தை பெற்றவர்கள் இத்தகைய பரிசோதனைகளுக்கு ஓரளவு பழகியிருப்பதால், முதல்முறையாக வரும் இளம்பெண்களைவிடக் குறைவாகவே தயங்குகிறார்கள்.

மறுப்பவர்களின் காரணங்கள் இன்னும் பலவகைப்பட்டவை. அவற்றை 'வெட்கம்' என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கிவிடும் வழக்கம் எனக்கு ஏற்புடையதல்ல. வலிக்குமோ என்ற பயம் ஒன்று. முன்பு ஒருமுறை முரட்டுத்தனமாகப் பரிசோதிக்கப்பட்ட நினைவு இன்னொன்று. பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கு, மல்லாந்து படுத்து, உடை விலக்கி, அறிமுகமற்றவர் முன் அசையாமல் இருப்பதே பழைய கொடுமையைத் திரும்ப அனுபவிப்பதாகிவிடக்கூடும். அவர்கள் அதை நம்மிடம் சொல்லப்போவதில்லை, சொல்லக் கடமைப்பட்டவர்களும் அல்ல. வந்த காரியமும் முக்கியம். வழக்கமான பரிசோதனைக்கு வந்தபோது மாணவரை மகிழ்ச்சியோடு அனுமதித்த அதே பெண், கரு கலைந்து வந்து நிற்கும் நாளில் யாரையும் பார்க்க விரும்பாமல் இருப்பார். புற்றுநோயா என்ற சந்தேகத்தோடு வந்திருப்பவரின் மனத்தில் மாணவரின் கல்விக்கு இடமிருக்காது. ஆகவே சம்மதிப்பவர், மறுப்பவர் என்று மனிதர்களை இரண்டு வகையாகப் பிரிக்க முடியாது. ஒரே மனிதர் நாளைப் பொறுத்து, நோயைப் பொறுத்து, கேட்பவரைப் பொறுத்து இரண்டு பதில்களையும் தருவார். முன்பு சரி என்றார் என்பதற்காக இன்றும் சரி என்று எடுத்துக்கொள்வதற்கு இல்லை.

மாணவரின் பாலினம் பெரிதாகப் பேசப்படும் காரணம். பெண் நோயாளிகளில் ஒரு பகுதியினர் மாணவியை மட்டுமே ஏற்கிறார்கள். இதனால் மகளிர் நோய்ப் பிரிவில் ஆண் மாணவர்களுக்கு வாய்ப்புக் குறைகிறது என்ற குறை பல நாடுகளில் எழுந்திருக்கிறது. அந்தக் குறை நியாயமானதுதான். ஆனால் அதைத் தீர்க்கும் பொறுப்பு கல்லூரிக்கு உரியது, மேசையில் படுத்திருக்கும் பெண்ணுக்கு உரியதல்ல. ஆண் நோயாளிகளின் கூச்சம் பற்றி நாம் அவ்வளவாகப் பேசுவதே இல்லை. விதைப்பையையோ ஆசனவாயையோ பரிசோதிக்க வேண்டிய ஓர் ஆண், நான்கு மாணவர்கள் சுற்றி நிற்கையில் வாய் திறந்து 'வேண்டாம்' என்று சொல்வது, ஆண்மைக்குக் குறைவாகத் தோன்றிவிடுமோ என்ற நினைப்பால் இன்னும் கடினமாகிறது. அவரிடமும் தனியாகத்தான் கேட்க வேண்டும்.

எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் பெரும்பகுதி தீர்மானமாகிறது. தவறான முறையை முதலில் சொல்கிறேன். நோயாளி ஏற்கெனவே உடை மாற்றி, கால்களை மடக்கி, இடுப்புக்கு மேல் ஒரு துணியோடு படுத்திருக்கிறார். திரைக்குள் மருத்துவரும் மாணவர்களும் சேர்ந்தே நுழைகிறார்கள். "இவங்க ஸ்டூடன்ட்ஸ்மா, பார்த்துக்கட்டும், சரிதானே?" என்ற கேள்வி, கையுறையை மாட்டிக்கொண்டே கேட்கப்படுகிறது. அந்த நிலையில் 'சரி' என்பதைத் தவிர எந்தப் பதிலும் வராது. பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லப்படும் அந்தச் 'சரி'யைச் சம்மதம் என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிடுகிறோம். சில இடங்களில் மாணவரை 'ஜூனியர் டாக்டர்' என்று அறிமுகப்படுத்தும் பழக்கமும் உண்டு. படித்துக்கொண்டிருப்பவரைப் படித்து முடித்தவராகக் காட்டிப் பெறும் அனுமதி, ஏமாற்றிப் பெற்ற அனுமதிதான்.

சரியான முறைக்குக் கூடுதலாகத் தேவைப்படுவது சில நிமிடங்கள் மட்டுமே. நோயாளி உடையோடு, உட்கார்ந்த நிலையில் இருக்கும்போது, மாணவர் அறைக்கு வெளியே இருக்கும்போது, மருத்துவரோ செவிலியரோ மட்டும் போய்ச் சொல்ல வேண்டும்: "இங்கே இறுதியாண்டு படிக்கும் மாணவி ஒருவர் இருக்கிறார். நான் உங்களைப் பரிசோதித்த பிறகு அவரும் ஒருமுறை செய்து பார்க்கலாமா? அது உங்கள் சிகிச்சைக்குத் தேவையானது அல்ல, அவருடைய படிப்புக்காக. நான் பக்கத்திலேயே இருப்பேன். வலித்தால், பிடிக்கவில்லை என்றால், நிறுத்து என்று சொன்னால் உடனே நிறுத்திவிடுவோம். வேண்டாம் என்றாலும் ஒன்றும் இல்லை. அவர் வெளியே இருந்துகொள்வார்." இதில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் வேலை இருக்கிறது. யார், எத்தனை பேர், என்ன படிக்கிறார் என்பது தெரிகிறது. யாருடைய நன்மைக்காக என்பது ஒளிக்கப்படவில்லை. நிறுத்தும் அதிகாரம் நோயாளியின் கையில் இருக்கிறது. மறுப்பதற்கான வழி கேட்கும்போதே திறந்து வைக்கப்படுகிறது. மாணவர் அறைக்குள் இருப்பது, பார்ப்பது, தொட்டுப் பரிசோதிப்பது ஆகிய மூன்றும் தனித்தனிக் கேள்விகள் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். இருக்கலாம் ஆனால் தொட வேண்டாம் என்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கேள்வியாகக் கேட்டால் அவர்களும் மறுத்துவிடுவார்கள். இப்படிக் கேட்டபோது கிடைத்த சம்மதங்கள் என் மாணவர்கள் கற்பதற்குப் போதுமானவையாகவே இருந்திருக்கின்றன.

மயக்க நிலையில் செய்யப்படும் பரிசோதனையைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த விஷயத்தில் நம் துறைக்குப் பெரும் தலைகுனிவு அங்கேதான் நேர்ந்தது. மயக்க மருந்தின்கீழ் வயிற்றுத் தசைகள் முற்றிலும் தளர்ந்துவிடுவதால் கருப்பையும் சினைப்பைகளும் கைக்கு நன்றாக அகப்படும்; நோயாளிக்கு வலி தெரியாது; மாணவருக்குப் பதற்றம் இருக்காது. அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவர் தாமே ஒருமுறை பரிசோதித்துப் பார்ப்பது சிகிச்சையின் ஒரு பகுதி. அதற்குப் பின்னால் மாணவர்கள் ஒருவர்பின் ஒருவராகப் பரிசோதிப்பது சிகிச்சையின் பகுதி அல்ல. இந்த இரண்டையும் ஒன்றாகக் காட்டித்தான், அறுவை சிகிச்சைக்குக் கையெழுத்துப் போட்டதிலேயே இதுவும் அடக்கம் என்ற வாதம் நெடுங்காலம் ஓடியது.

ஒன்றுக்குத் தந்த அனுமதி இன்னொன்றுக்கு ஆகாது என்பது சட்டத்தில் பழைய செய்தி. 1914-இல் நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முன் வந்த வழக்கில், ஈதர் மயக்கத்தில் பரிசோதனை செய்ய மட்டுமே அனுமதித்ததாகவும், தமக்கு நடந்த அறுவை சிகிச்சைக்கு அனுமதிக்கவில்லை என்றும் ஒரு பெண் முறையிட்டார். அந்த வழக்கில்தான், வயதும் தெளிந்த அறிவும் உள்ள ஒவ்வொருவருக்கும் தம் உடலுக்கு என்ன செய்யப்பட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை உண்டு என்று நீதிபதி பெஞ்சமின் கார்டோசோ எழுதினார். ஆயினும் பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் போதனை மருத்துவமனைகளின் அறுவை அரங்குகளில் பழக்கம் மாறவில்லை. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் இருந்த தேசிய மகளிர் மருத்துவமனை குறித்து நீதிபதி சில்வியா கார்ட்ரைட் நடத்திய விசாரணையின் அறிக்கை 1988-இல் வந்தது. கருப்பை வாயில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்கள் இருந்த பெண்களுக்கு உரிய சிகிச்சை தரப்படாமல் போனதுதான் அந்த விசாரணையின் மையம். அதைத் தோண்டும்போது, மயக்கத்தில் இருந்த பெண்களிடம் அவர்களின் அனுமதி இல்லாமல் மாணவர்களுக்கு உள்பரிசோதனை கற்பிக்கப்பட்டதும் வெளிவந்தது. 1996-இல் அங்கே நடைமுறைக்கு வந்த நோயாளர் உரிமை விதித்தொகுப்பு, அந்த உரிமைகள் மருத்துவக் கற்பித்தலில் பங்கேற்கும்போதும் பொருந்தும் என்று வெளிப்படையாகச் சொல்வதற்கு இந்த வரலாறே பின்னணி.

2003-இல் வந்த இரண்டு ஆய்வுகளை மாணவர்கள் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். ஒன்று இங்கிலாந்தின் பிரிஸ்டலிலிருந்து வந்தது. மயக்கத்திலோ அரை மயக்கத்திலோ இருந்த நோயாளிகளிடம் மாணவர்கள் செய்த அந்தரங்கப் பரிசோதனைகளில் ஏறத்தாழ கால்பங்குக்கு உரிய சம்மதம் இருந்ததாகத் தெரியவில்லை என்று அது காட்டியது. மற்றது அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாப் பகுதியிலுள்ள ஐந்து மருத்துவக் கல்லூரி மாணவர்களிடம் எடுக்கப்பட்டது. மகளிர் நோய்ப் பிரிவில் பயிற்சியை முடித்த மாணவர்கள், இன்னும் அந்தப் பயிற்சிக்குப் போகாத மாணவர்களைவிட, மயக்கத்தில் இருப்பவரிடம் முன்கூட்டி அனுமதி பெறுவதைக் குறைவான முக்கியத்துவம் உடையதாகவே கருதினார்கள் என்று அது கண்டது. இந்த இரண்டாவது செய்தி என்னை உலுக்கியது. பயிற்சிக்குள் நுழையும்போது அவர்களுக்கு நியாய உணர்வு இருந்தது. அறுவை அரங்கில் மூத்தவர்கள் நடந்துகொள்வதைப் பார்த்துப் பார்த்து அது மழுங்கிவிட்டது. கருப்பையின் அளவை மட்டும் நாம் கற்பிக்கவில்லை. கேட்காமல் கை வைக்கலாம் என்பதையும் சேர்த்தே கற்பித்துவிட்டோம். அதைக் கற்பித்தவர்கள் கொடியவர்களும் அல்ல. தங்களுக்கு எப்படிக் கற்பிக்கப்பட்டதோ அப்படியே கற்பித்தார்கள்.

அதன் பிறகு மாற்றம் மெதுவாகவே வந்தது. கலிஃபோர்னியா 2003-இல் இதற்கென்று சட்டம் இயற்றியது. வேறு பல அமெரிக்க மாநிலங்கள் பின்தொடர்ந்தன. பிரிட்டனின் பொது மருத்துவ மன்றம், மயக்கத்தில் இருக்கப்போகும் நோயாளியிடம் மாணவர் அந்தரங்கப் பரிசோதனை செய்வதாக இருந்தால் முன்கூட்டியே, வழக்கமாக எழுத்துமூலமே, சம்மதம் பெற்றிருக்க வேண்டும் என்று மருத்துவர்களுக்கு விதித்திருக்கிறது. 2024 ஏப்ரல் 1 அன்று அமெரிக்க மத்திய சுகாதாரத் துறை, மார்பகம், இடுப்புக்குழி, புராஸ்டேட், மலக்குடல் ஆகிய பரிசோதனைகளை மாணவர்கள் பயிற்சிக்காகச் செய்வதற்கு, குறிப்பாக நோயாளி மயக்கத்தில் இருக்கும்போது, எழுத்துமூலச் சம்மதம் பெறப்பட வேண்டும் என்று மருத்துவமனைகளுக்கு அறிவுறுத்தியது.

"அவருக்குத் தெரியவே போவதில்லை, பிறகு என்ன கெடுதல்?" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தெரியாமல் செய்யப்பட்டது என்பதுதான் கெடுதல். மயக்கத்துக்குப் போகும் ஒருவர் தம் உடலை முழுமையாக ஒப்படைத்துவிட்டுப் போகிறார்; விழித்திருக்கும்போது அவரிடம் கேட்கத் தயங்குகிற ஒன்றை அவர் தூங்கும்போது செய்வது, அந்த ஒப்படைப்பைப் பயன்படுத்திக்கொள்வதாகும். தெரியவே போவதில்லை என்பதும் உறுதியில்லை. செய்தித்தாளில் இத்தகைய வழக்கம் பற்றிப் படிக்கும் ஒரு பெண், தமக்கு எப்போதோ நடந்த அறுவை சிகிச்சையை நினைத்து, அன்று தமக்கும் இப்படி நடந்திருக்குமோ என்று சந்தேகப்படத் தொடங்குவார். அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவைக்க யாராலும் முடியாது. அடுத்தமுறை கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு அவர் வராமலே இருந்துவிட்டால், அந்த இழப்பை எந்தக் கணக்கில் எழுதுவது?

இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை பெறுகிறவர்கள் மாணவர்களின் கல்விக்குத் தம் உடலைத் தருவது ஒருவகைக் கைம்மாறு என்ற எண்ணம் வெளிப்படையாகச் சொல்லப்படாவிட்டாலும் பல இடங்களில் நிலவுகிறது. இதை நான் முற்றிலும் மறுக்கிறேன். பணம் கட்டும் நோயாளிக்கு மாணவர் வருவதில்லை, கட்ட முடியாதவருக்கு மட்டும் கேட்காமலே வருகிறார்கள் என்றால், மருத்துவக் கல்வியின் சுமை முழுவதும் மறுக்க இயலாதவர்களின் தோளில் ஏற்றப்படுகிறது. மகளிர் நோயியலுக்கு இதில் நீண்ட, வருத்தமான வரலாறு உண்டு. உள்பரிசோதனையின்போது யோனியை விரித்துப் பார்க்க இன்று நாம் கையாளும் ஸ்பெகுலம் கருவியின் ஒரு வடிவத்தை உருவாக்கியவர் என்று போற்றப்பட்ட ஜே. மரியன் சிம்ஸ், 1840-களில் அலபாமாவில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பினப் பெண்களிடம், மயக்க மருந்து இல்லாமல், திரும்பத் திரும்ப அறுவை சிகிச்சைகளைச் செய்து பார்த்தார். அனார்க்கா, பெட்ஸி, லூசி என்ற மூன்று பெயர்கள் மட்டும் நமக்குக் கிடைத்திருக்கின்றன. நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் ஓரத்தில் நின்ற அவருடைய சிலை 2018-இல் அகற்றப்பட்டது. இன்றைய வார்டில் நடப்பதை அந்தக் கொடுமையோடு நான் சமமாக வைக்கவில்லை. ஆனால் வாய் திறக்க முடியாதவரிடமிருந்து கற்றுக்கொள்வதே எளிது என்ற பழக்கத்துக்கு வேர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பது இதில் தெரிகிறது.

பிரசவ அறையைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். இடுப்பு வலியில் இருக்கும் பெண்ணிடம் அந்த நேரத்தில் கேட்டு வாங்கும் சம்மதத்துக்கு மதிப்பு குறைவு. கர்ப்பகாலப் பரிசோதனைக்கு வரும்போதே இதைப் பேசிவைத்து, பிரசவத்தின்போது மீண்டும் ஒருமுறை உறுதிசெய்துகொள்ள வேண்டும். இங்கே தொற்று பற்றிய கவலையும் சேர்ந்துகொள்கிறது. சிக்கல் இல்லாத பிரசவத்தின் முதல் கட்டத்தில் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை உள்பரிசோதனை போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஒரே பெண்ணைப் பலர் அடுத்தடுத்துப் பரிசோதிப்பது தவிர்க்கப்பட வேண்டும் என்றும், போதனை மருத்துவமனைகளில் இது பரவலாக இருக்கிறது என்றும் அந்த நிறுவனமே சுட்டிக்காட்டியிருக்கிறது. எனவே பிரசவ அறையில் நோயாளி சம்மதித்தாலும், எத்தனை பேர் என்பதற்கு மருத்துவர் வரம்பு போட்டாக வேண்டும்.

நோயாளிகளை மட்டுமே நம்பியிராமல் கற்பிக்கும் வழிகளும் வளர்ந்திருக்கின்றன. அவற்றில் மிகச் சிறந்தது, 1970-களில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் ராபர்ட் கிரெட்ச்மர் வளர்த்தெடுத்த முறை. பயிற்சி பெற்ற பெண்கள், உரிய ஊதியத்தோடு, தம் உடலிலேயே மாணவர்களுக்கு உள்பரிசோதனையைக் கற்பிக்கிறார்கள். 'விரலை இன்னும் கீழ்நோக்கித் திருப்புங்கள், இப்போது அழுத்தம் அதிகம், இப்போது சரியாகத் தொட்டுவிட்டீர்கள்' என்று படுத்திருப்பவரே வழிகாட்டுகிறார். மயக்கத்தில் இருப்பவரிடம் பத்து முறை பரிசோதித்தாலும் கிடைக்காத பாடம் இது; ஏனெனில் அங்கே வலிக்கிறதா என்று கேட்கவும் முடியாது, முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளவும் முடியாது. உணரிகள் பொருத்திய இடுப்புக்குழி மாதிரிகளும் வந்திருக்கின்றன; அமெரிக்க அறுவை மருத்துவர் கார்லா பியூ உருவாக்கிய மாதிரிகள், மாணவரின் விரல் எங்கே எவ்வளவு அழுத்துகிறது என்பதைத் திரையில் காட்டுகின்றன. முதல் தடுமாற்றங்களை எல்லாம் இந்த மாதிரிகளில் முடித்துக்கொண்டு நோயாளியிடம் வருவதுதான் முறை. என்றாலும் நோயைத் தொட்டு அறிவதற்கு நோயாளியைத் தவிர வேறு வழி இல்லை. எனவே கேட்கும் கடமையிலிருந்து எந்த மாதிரியும் நம்மை விடுவிக்காது.

மாணவர்களே, அறுவை அரங்கில் பேராசிரியர் 'வாருங்கள், கையுறை போடுங்கள்' என்று அழைக்கும்போது, 'நோயாளியிடம் கேட்டிருக்கிறதா, சார்?' என்று கேட்பது எவ்வளவு கடினம் என்பதை அறிவேன். மதிப்பெண்ணும் பரிந்துரையும் அவர் கையில் இருக்கின்றன. அந்த நிலைக்கு வராமல் இருக்க ஒரு வழி உண்டு. அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாளே வார்டுக்குப் போய், பொறுப்பு மருத்துவரோடு சேர்ந்து நோயாளியைச் சந்தித்து, உங்கள் பெயரையும் ஆண்டையும் சொல்லி, கேட்டு, சம்மதித்தால் படிவத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதன்பின் அரங்கில் யாரும் யாரையும் கேள்வி கேட்க வேண்டியதில்லை. நோயாளி மறுத்தால் நன்றி சொல்லிவிட்டு நகருங்கள். மறுத்தார் என்பதைக் குறையாகக் கேஸ் ஷீட்டில் எழுதவோ, செவிலியரிடம் பேசவோ வேண்டாம்.

முதல் கேள்வியைக் கேட்டவருக்கு இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. நேரம் குறிக்கும்போதே, மாணவர்கள் இருப்பார்களா என்று கேட்டுவிடலாம். பரிசோதனை அறையில் உடை மாற்றுவதற்கு முன்பே, "மாணவர்கள் பரிசோதிப்பதை நான் விரும்பவில்லை" என்றோ, "ஒருவர் மட்டும், பெண்ணாக இருந்தால் பரவாயில்லை" என்றோ, "பார்க்கலாம், தொட வேண்டாம்" என்றோ சொல்லலாம். துணைக்கு ஒரு செவிலியரோ உங்களுடன் வந்தவரோ உடனிருக்க வேண்டும் என்று கேட்கலாம். மயக்க மருந்து தரப்போகும் அறுவை சிகிச்சை என்றால், கையெழுத்துப் போடும்முன் ஒப்புதல் படிவத்தில் மாணவர் பயிற்சி பற்றிய வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்து, உங்களுக்கு உடன்பாடு இல்லை என்றால் அதை அடித்துவிட்டு, அருகில் கையெழுத்திட்டு, மருத்துவரிடம் வாயாலும் சொல்லிவிடுங்கள். பரிசோதனை பாதியில் இருக்கும்போது மனம் மாறினாலும் 'போதும்' என்ற ஒரு சொல் போதுமானது. அதைக் கேட்டவுடன் மாணவர் கையை எடுத்துவிட வேண்டும், மீதியை உங்கள் மருத்துவர் முடித்துத் தருவார்.